வனிலாவைக் காய்க்க வைத்த சிறுவர்

பெருநாளைக்கு உம்மா கேக் சுடும்போது வீடெல்லாம் வனிலா மணக்கும். அந்த வாசனைப் பயிர் உலகில் பரவ வழிசெய்தவர் பன்னிரண்டு வயதான ஓர் அடிமைச் சிறுவர் என்பதை, உயர்தர வகுப்பில் மகரந்தச் சேர்க்கை படித்த பிறகுதான் தேடி அறிந்தேன். அவர் பெயர் எட்மண்ட் அல்பியஸ்.

இந்து சமுத்திரத்தில், இன்று றீயூனியன் எனப்படும் பிரெஞ்சுத் தீவில், 1829ஆம் ஆண்டு அடிமைத் தாயொருவருக்குப் பிறந்தார். பிறப்பிலேயே தாயை இழந்தார். குடும்பப் பெயர்கூட அவருக்கு இருக்கவில்லை. தாவரங்களில் ஆர்வம் மிக்க பெல்லியே போமோன் என்பவரின் தோட்டத்தில் வளர்ந்து, பூக்களை உற்றுப் பார்க்கப் பழகினார்.

வனிலா மெக்சிக்கோவைத் தாயகமாகக் கொண்ட ஓர்க்கிட் கொடி. தண்டை வெட்டி நட்டாலே வளரும் என்பதால் கப்பலில் அத்தீவுக்கும் வந்து சேர்ந்தது. கொடி படர்ந்தது, பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. ஒரே பூவில் மகரந்தமும் குறியும் இருந்தாலும், இடையில் மெல்லிய மடலொன்று திரைபோல மறைத்து நிற்கிறது. தாயகத்தில் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கத் தேனீக்கள் உண்டு. தீவில் அவை இல்லை. பூவும் ஒரே நாளில் வாடிவிடும். 1836இல் பெல்ஜியத்தில் சார்ல்ஸ் மொரன் என்ற அறிஞர் கையால் மகரந்தச் சேர்க்கை செய்து காய் பெற்றிருந்தும், அம்முறை தோட்டங்களுக்குப் பரவவில்லை.

1841இல் ஒருநாள் போமோன் தமது கொடியில் காய்களைக் கண்டு வியந்தார். அது தனது வேலை என்று எட்மண்ட் சொன்னபோது முதலில் நம்பவில்லை. வத்தகைப் பூவில் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் விதத்தைப் போமோன் முன்னர் காட்டியிருந்தார். அதை மனத்திற்கொண்ட எட்மண்ட், மெல்லிய குச்சியால் மடலை உயர்த்தி, பெருவிரலால் மகரந்தத்தைக் குறியில் அழுத்தியிருந்தார். அவ்வளவுதான். பிறகு வேறு தோட்டங்களிலும் இதைக் கற்பித்தார். வனிலா தீவின் ஏற்றுமதிப் பயிரானது. அம்முறை மடகஸ்காருக்கும் சென்றது.

1848இல் அடிமைமுறை ஒழிந்தபோது அவருக்குக் கிடைத்தது அல்பியஸ் என்ற பெயர் மட்டுமே. பின்னர் திருட்டுக் குற்றத்துக்காகச் சிறை சென்றார். அவரது சேவையை எடுத்துக்காட்டி மனுச் செய்யப்பட்டதால் முன்னதாக விடுதலையானார். தாவரவியலாளர் ஒருவர் அந்த முறைக்கு உரிமை கோரியபோது, போமோன் எட்மண்டின் பக்கமே நின்றார். 1880இல் எட்மண்ட் வறுமையில் இறந்தார்.

ஒரு தாவரம் எங்கே நிலைக்கும் என்பதை மண்ணும் மழையும் மட்டும் தீர்மானிப்பதில்லை; அது இனம்பெருகும் விதமும் தீர்மானிக்கிறது. இதை உம்மாவிடம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. என் உயிரியல் கொப்பியில், செயற்கை மகரந்தச் சேர்க்கை என்ற தலைப்பின் கீழ், அவர் பெயரை எழுதி வைத்தேன்.