கலீபாவும் அவர்களின் அலுவலர்களும்

வெள்ளிக்கிழமை இரண்டாவது குத்பாவின் முடிவில் கத்தீப் அவர்கள் ஓதும் ஆயத்தை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நீதியையும் நன்மையையும் உறவினரை ஆதரிப்பதையும் அல்லாஹுத் தஆலா ஏவுவதைக் கூறும் அந்நஹ்ல் சூராவின் 90வது ஆயத் அது. அது மிம்பருக்கு வந்த வரலாறு பலருக்குத் தெரியாது. உமையாக்களின் ஆட்சியில் ஹழ்ரத் அலி (ரலி) அவர்களை மிம்பரில் நின்று ஏசும் கெட்ட வழக்கம் இருந்து வந்தது. அதை நிறுத்தி, அவ்விடத்தில் இந்த ஆயத்தை ஓதச் செய்தவர்கள் கலீபா உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள். நிறுத்துங்கள் என்று உத்தரவு மட்டும் போட்டிருந்தால், காலியான இடத்தில் வேறொரு கெட்ட வழக்கம் வந்து அமர்ந்திருக்கும். தம் கீழுள்ளவர்களின் நடத்தையை மாற்ற அன்னார் கையாண்ட முறையே இதுதான்.

ஹிஜ்ரி 60களின் தொடக்கத்தில் பிறந்த அன்னாரின் தந்தை எகிப்தின் கவர்னர்; தாயார் ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் மகன் ஆஸிமுடைய மகள். கல்வி கற்க மதீனாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரு நாள் தலைவாரி முடிக்கத் தாமதமானதால் ஜமாஅத் தொழுகைக்குப் பிந்திவிட்டார்கள். உஸ்தாத் ஸாலிஹ் இப்னு கைஸான் இதைத் தந்தைக்கு எழுதினார். எகிப்திலிருந்து ஆள் வந்து, வேறு பேச்சுப் பேசாமல் பிள்ளையின் தலையை மழித்துவிட்டான்.

ஹிஜ்ரி 87ல் (கி.பி. 706) கலீபா வலீத் அன்னாரை மதீனாவின் கவர்னராக்கினார். வந்ததும் ஊரின் மார்க்க மேதைகள் பத்துப் பேரை வரவழைத்தார்கள். உர்வா இப்னு ஜுபைர், காஸிம் இப்னு முஹம்மத், ஸாலிம் இப்னு அப்துல்லாஹ் போன்ற பெரியோர்கள் அதில் இருந்தனர். அவர்களைக் கலக்காமல் எதையும் முடிவு செய்வதில்லை என்றும், தம் அலுவலர் எவரேனும் அநியாயம் செய்வதாகக் கேள்விப்பட்டால் தம்மிடம் வந்து சொல்லியே ஆகவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்கள்.

இத்தனை இருந்தும் ஒரு பெரும் தவறு நிகழ்ந்தது. குபைப் இப்னு அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் என்பவரைச் சாட்டையால் அடித்து, குளிர் நாளில் அவர் மேல் குளிர்ந்த நீரை ஊற்றும்படி வலீதிடமிருந்து உத்தரவு வந்தது. கவர்னர் நிறைவேற்றினார்கள். குபைப் இறந்துவிட்டார். மேலிடத்து உத்தரவு என்ற சமாதானம் அன்னாரின் நெஞ்சில் தங்கவில்லை. பிற்காலத்தில் எவராவது அன்னாரின் நற்செயலைப் புகழ்ந்தால், குபைபுக்கு என்ன பதில் சொல்வேன் என்று கலங்குவார்கள். இதை மறைத்துவிட்டு அன்னாரின் வரலாற்றைச் சொல்வது முறையாகாது. பின்னால் வந்த நற்காரியங்கள் பலவற்றுக்கு இந்த வேதனையே வித்து என்பது என் எண்ணம்.

ஹிஜ்ரி 99ல் (கி.பி. 717) ஸுலைமானுக்குப் பின் கிலாபத் அன்னாரிடம் வந்தது. பவனிக்கென அலங்கரித்து வந்த குதிரைகளைத் திருப்பி அனுப்பி, விற்றுப் பைத்துல்மாலில் சேர்க்கச் சொன்னார்கள். முதலில் தம் சொந்த நிலங்களையும், மனைவி பாத்திமாவின் நகைகளையும் ஒப்படைத்துவிட்டே மற்றவர்களின் சொத்துக்களை விசாரிக்கத் தொடங்கினார்கள்.

அரசாங்க விளக்கை அணைத்த கதை மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். கந்தூசிக் கலீபா என்று எண்ணிவிட வேண்டாம். தம் அலுவலர்களுக்கு மாதம் 100 தீனார், 200 தீனார் என்று தாராளமாகச் சம்பளம் கொடுத்தார்கள். வீட்டுக் கவலை இல்லாதவன்தான் பொதுவேலையில் மனம் வைப்பான் என்பது அன்னாரின் கணக்கு. கையில் காசு வைத்த பிறகே, பதவியிலிருப்போர் வியாபாரம் செய்யக்கூடாது, அன்பளிப்பு வாங்கக்கூடாது என்று தடுத்தார்கள். வயிற்றுக்குப் போதாத கூலி கொடுத்துவிட்டு, கடைப் பையனிடம் அமானிதத்தைப் பற்றி உபதேசிக்கும் முதலாளிமார்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். அன்பளிப்பு விஷயத்தில் தமக்கு வந்த ஆப்பிளையே திருப்பி அனுப்பியவர்கள் அன்னார்.

மதீனாவின் கவர்னர் அபூபக்ர் இப்னு ஹஜ்ம், முன்பிருந்தவர்களுக்குக் கிடைத்ததுபோல் தமக்கும் காகிதமும் மெழுகுவர்த்தியும் வேண்டுமென்று எழுதியிருந்தார். பேனாவை மெலிதாகச் சீவி, வரிகளை நெருக்கி, பல விஷயங்களை ஒரே தாளில் எழுதும்படி பதில் போயிற்று. பதவிக்கு முன் மாரிக்கால இரவுகளில் வெளிச்சமின்றியே பள்ளிவாசலுக்கு நடந்ததையும் அவருக்கு நினைவூட்டினார்கள். வேறொரு கவர்னரோ, அபகரித்த பொருளை உரியவரிடம் கொடுத்துவிடு என்றால், அதற்கும் விளக்கம் கேட்டு எழுதுபவர். ஓர் ஆட்டைத் திருப்பிக் கொடு என்றாலும் கறுப்பா வெள்ளையா என்று கேட்பீர் போலிருக்கிறதே என்று கடிந்து, தூரத்தையும் மரணத்தையும் எண்ணிப் பார்த்து உடனே செய்யச் சொன்னார்கள்.

பஸ்ராவின் கவர்னர் அதீ இப்னு அர்தாத், பொதுப்பணத்தைத் தின்றவர்களிடமிருந்து அடித்து வாங்க அனுமதி கேட்டார். குபைபை அடித்தவர்களிடம் வந்த கேள்வி இது! சாட்சி இருந்தால் வாங்கு, ஒப்புக்கொண்டால் வாங்கு, மறுத்தால் சத்தியம் வாங்கி விட்டுவிடு என்பதே பதில். அவர்களின் இரத்தத்தோடு அல்லாஹ்வைச் சந்திப்பதைவிட, அவர்கள் தங்கள் மோசடியோடு அவனைச் சந்திப்பது மேல் என்று எழுதினார்கள்.

குராஸானிலிருந்து மூவர் தூது வந்தனர். அரபிகள் இருவரும் பேசி முடித்தார்கள். அரபியல்லாத மூன்றாமவர் வாய் திறக்கவில்லை. நீரும் தூதுக்குழுவில் உள்ளவர்தானே என்று அவரைப் பேசவைத்தார்கள் கலீபா. அரபியல்லாத 20,000 பேர் சம்பளமின்றிப் போரிடுவதும், இஸ்லாத்தில் சேர்ந்த அதே அளவு மக்களிடம் வரி வசூலிக்கப்படுவதும் அப்போதுதான் வெளிவந்தன. கவர்னர் ஜர்ராஹ் நீக்கப்பட்டார். அழைப்புக் கிடைத்ததும் அவர் ரமலானிலேயே புறப்பட்டு வந்திருந்தார். பெருநாளுக்குப் பின் புறப்பட்டிருக்கலாமே, உம்மைக் கடுமைக்காரர் என்றவர்கள் சொன்னது உண்மைதான் என்றார்கள்.

தம்மைத் திருத்தவும் ஆள் வைத்திருந்தார்கள். தாம் சத்தியத்திலிருந்து விலகக் கண்டால் சட்டையைப் பிடித்து உலுக்கி, என்ன செய்கிறாய் உமரே என்று கேட்கும்படி மெய்க்காவல் தலைவர் அம்ர் இப்னு முஹாஜிரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். ஓரிரவு விளக்கு மங்கியது. விருந்தினர் எழப் போனார். விருந்தினரை வேலை வாங்குவது முறையல்ல என்றார்கள். பணியாளரை எழுப்பலாமா என்றதற்கு, இப்போதுதான் உறங்கினார் என்று தடுத்து, தாமே எழுந்து திரியைச் சரிசெய்தார்கள். எழும்போதும் உமர்தான், திரும்பி வந்தபோதும் உமர்தான் என்றார்கள்.

ஹிஜ்ரி 101 ரஜபில் (கி.பி. 720), நாற்பதை எட்டியும் எட்டாத வயதில், சிரியாவின் தைர் ஸம்ஆனில் அன்னார் வபாத்தானார்கள். நஞ்சூட்டிய பணியாளன் வாங்கிய 1,000 தீனாரைப் பைத்துல்மாலில் சேர்த்துவிட்டு, எவர் கண்ணிலும் படாமல் ஓடிவிடச் சொன்னதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஆட்சி நடந்தது இரண்டரை ஆண்டுகூட இல்லை. அடுத்து வந்த யஜீத் இப்னு அப்துல் மலிக் பழைய வரிகள் பலவற்றைத் திரும்பக் கொண்டுவந்தார். அன்னாரின் கவர்னர்கள் பலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். மிம்பரில் ஏற்றிய அந்த ஆயத் மட்டும் வருகிற வெள்ளிக்கிழமையும் ஓதப்படும்.