எஃப்.ஏ. தேர்வில் ஃபெயில்... இன்று கம்ப்யூட்டருக்குள் ஓடும் ஃபார்முலா! ராமானுஜன் செய்தது என்ன?

கணித மேதை ராமானுஜன்னு சொன்னாலே 1729 கதைதான் நினைவுக்கு வரும். ஆனால் அவருடைய கணக்கு இப்போது எங்கே வேலை செய்கிறது தெரியுமா?

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தவர். கும்பகோணத்திலும், பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறவில்லை. கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்க மனசு வரவில்லை. 1912-ல் சென்னை துறைமுகத்தில் கிளார்க் வேலை, மாதம் 30 ரூபாய். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம். 1914-ல் கப்பல் ஏறினார்.

அங்கே இருவரும் சேர்ந்து பிடித்த ஒரு விஷயம், எண்ணைப் பிரிப்பது. 4-ஐ 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என 5 விதமாகப் பிரிக்கலாம். 200-ஐ? கிட்டத்தட்ட 4 லட்சம் கோடி விதம்! மேக்மஹோன் என்பவர் இதைக் கையாலேயே கணக்குப் போட்டார். 1918-ல் வெளியான ஹார்டி-ராமானுஜன் ஃபார்முலாவில் 8 உறுப்புகளைக் கூட்டினாலே அந்த விடை வந்துவிட்டது.

1937-ல் ராடமேக்கர் அதைச் செம்மைப்படுத்தினார். அந்த வடிவம்தான் இன்று 'சேஜ்' போன்ற இலவச கணித மென்பொருளில் இருக்கிறது. நாம் டைப் செய்வது பைத்தானில். கணக்கைப் போடுவது சி மொழியில் எழுதிய 'ஃப்ளின்ட்' லைப்ரரி. இரண்டுக்கும் நடுவே ஒரு இணைப்பு கோடு வேணும். அதை கம்பைலர் மூலம் அந்தந்த கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி பில்ட் பண்ணணும். இங்கே கொஞ்சம் பொருந்தாமல் போனாலும், ஃபார்முலா எவ்வளவு சரியாக இருந்தாலும் புரோகிராம் நின்றுவிடும்.

1919-ல் ராமானுஜன் நோயோடு சென்னை திரும்பினார். மயிலாப்பூர் லஸ் சர்ச் ரோட்டில் சில மாதங்கள் தங்கினார். வைத்தியம் பலிக்கவில்லை. 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் இறந்தபோது வயது 32 தான். கடைசி மாதங்களிலும் எழுதிக்கொண்டே இருந்தார் என்பதுதான் மனசைப் பிசைகிறது.

1914-ல் பை மதிப்புக்கு அவர் எழுதிய ஒரு தொடர் தனிக்கதை. அதில் ஒவ்வொரு உறுப்பும் சுமார் 8 இலக்கம் தரும். 1985-ல் பில் காஸ்பர் அதை கம்ப்யூட்டரில் ஓட்டி 1.7 கோடி இலக்கம் எடுத்தார். அப்போது அந்தத் தொடருக்கு நிரூபணமே கிடையாது! முன்பே தெரிந்த இலக்கங்களோடு ஒத்துப்போனதால்தான் நம்பினார்கள். போர்வைன் சகோதரர்களின் நிரூபணம் 1987-ல்தான் வந்தது.