பசியைக் கணக்குப் போட்ட பாதிரியார்

உயிரோடு இருந்த காலமெல்லாம் ஏச்சுக் கேட்ட மனிதர் அவர். ஏழைகளின் பகைவன் என்றார்கள். கல் நெஞ்சன் என்றார்கள். ஊருக்கெல்லாம் பிள்ளை வேண்டாம் என்று உபதேசம் செய்துவிட்டு, தான் மட்டும் பதினொரு பெண்களைப் பெற்றவர் என்று கதை கட்டினார்கள்.

உண்மையில் அவருக்கு மூன்றே பிள்ளைகள். பழகிப் பார்த்தவர்கள் அவரைப் பரம சாது என்றார்கள். அப்படியானால் அவர் செய்த குற்றம் என்ன?

உலகத்தில் பெருகிவரும் வாய்களை எண்ணினார். அந்த வாய்களுக்கு வேண்டிய ஆகாரத்தையும் எண்ணினார். இரண்டும் ஒத்து வரவில்லை. அதை வெளியே சொல்லிவிட்டார். அவ்வளவுதான்!

அவர் பெயர் தாமஸ் ராபர்ட் மால்தஸ்.

பிளவுபட்ட உதடு

இங்கிலாந்தில் சர்ரே என்ற மாவட்டத்தில், டார்க்கிங் என்ற ஊருக்கு அருகே 1766-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் மால்தஸ் பிறந்தார். தகப்பனார் டேனியல் மால்தஸ் வசதி உள்ளவர், புத்தகப் பிரியர். அறிஞர் ரூசோவிடம் அவருக்கு அளவற்ற பக்தி. குழந்தை பிறந்த சில வாரங்களில் ரூசோவே அந்த வீட்டுக்கு வந்து போனார்.

குழந்தைக்குப் பிறவியிலேயே மேல் உதடு பிளந்திருந்தது. அண்ணத்திலும் பிளவு. அதனால் பேச்சு தெளிவாக வராது. ஆனால் படிப்பில் சூரப்புலி. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் 1788-ம் ஆண்டு கணிதத் தேர்வில் ஒன்பதாவது இடம் பெற்றார்.

பிறகு பாதிரியார் ஆக விரும்பினார். பிரசங்கம் செய்ய வேண்டிய தொழிலாயிற்றே, இந்தப் பேச்சை வைத்துக்கொண்டு எப்படி என்று கல்லூரியின் பெரியவர்கள் தயங்கினார்கள். அவர் பின்வாங்கவில்லை. பாதிரியார் ஆனார்.

பிற்காலத்தில் ஓர் அதிசயம் நடந்தது. ஹாரியட் மார்ட்டினோ என்ற எழுத்தாளர் அவரைச் சந்தித்தார். அந்த அம்மாளுக்குக் காது மந்தம். ஊதுகுழல் போன்ற ஒரு கருவியைக் காதில் வைத்துத்தான் கேட்பார். மால்தஸின் பேச்சு தனக்குப் புரியவே போவதில்லை என்று பயந்துகொண்டே போனார். ஆனால் அந்தக் கருவி இல்லாமலே அவர் பேசியது நன்றாகக் கேட்டது!

குடிசையில் கண்ட காட்சி

சர்ரேயில் ஓக்வுட் என்ற இடத்தில் ஒரு சிறு தேவாலயம். அங்கே மால்தஸ் ஊழியம் செய்தார். சுற்றிலும் ஏழைத் தொழிலாளிகளின் குடிசைகள். ரொட்டியே அவர்களுடைய முக்கிய உணவு. ஞானஸ்நானம் கொடுக்கப் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தன. அடக்கம் செய்யும் எண்ணிக்கையோ அதைவிடக் குறைவு.

கூலிக்காரர்களின் பிள்ளைகள் வளர்ச்சி குன்றி இருந்தார்கள். பதினாலு, பதினைந்து வயது இருக்கும் என்று நினைத்துக் கேட்டால், பதினெட்டு, பத்தொன்பது என்று பதில் வரும். பசி மனிதனின் எலும்பைக்கூடக் குறுக்கிவிடுகிறது என்பதை அவர் கண்ணால் கண்டார்.

தந்தையும் மகனும்

அப்போது பிரெஞ்சுப் புரட்சி நடந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இனி உலகில் வறுமை ஒழியும், எல்லாரும் சமமாக வாழ்வார்கள் என்று பலர் நம்பினார்கள். இங்கிலாந்தில் வில்லியம் காட்வின் என்பவர் அப்படி எழுதினார். தகப்பனார் டேனியலுக்கு அந்த எழுத்தில் மோகம். மகனுக்கு அதில் சந்தேகம். வீட்டிலே வாதம் மூண்டது.

பேசித் தீராத வாதத்தை மகன் எழுதித் தீர்க்க உட்கார்ந்தார். 1798-ம் ஆண்டு ஜனத்தொகையைப் பற்றி ஒரு நூல் வெளிவந்தது. அதில் ஆசிரியர் பெயரே இல்லை. அப்போது மால்தஸுக்கு வயது 32.

அந்த நூலின் கணக்கு சிறு பிள்ளைக்கும் புரியும். தடை ஏதும் இல்லாவிட்டால் மக்கள் தொகை 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிக்கும். 1, 2, 4, 8, 16 என்று ஓடும். உணவோ 1, 2, 3, 4, 5 என்றுதான் நகரும். இப்படியே 200 ஆண்டுகள் போனால் மக்கள் 256 பங்கு ஆவார்கள். உணவு 9 பங்குதான் ஆகும்!

அப்படியானால் மிஞ்சிய வாய்கள் என்ன ஆகும்? பஞ்சமும், கொள்ளைநோயும், யுத்தமும் வந்து கணக்கைச் சரி செய்யும் என்றார் மால்தஸ்.

நாடே திடுக்கிட்டது.

விருந்தில் இடமில்லை

மால்தஸ் அதோடு நிற்கவில்லை. 1799-ல் நார்வே, சுவீடன், ரஷ்யா என்று பயணம் போனார். எங்கே எத்தனை பேர் பிறக்கிறார்கள், எத்தனை வயதில் மணக்கிறார்கள், என்ன உண்கிறார்கள் என்று விசாரித்து எழுதி வந்தார். 1803-ல் நூலைப் பெரிதாக்கித் தம் பெயரோடு வெளியிட்டார்.

இதில் ஒரு வழியும் சொன்னார். குடும்பத்தைக் காப்பாற்றச் சக்தி வரும்வரை கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டும். அதுவரை ஒழுக்கத்தோடு இருக்கவேண்டும் என்றார். செயற்கை முறையில் கருத்தடை செய்வதை அவர் ஏற்கவில்லை. சொன்னபடி தாமும் நடந்தார். 1804-ல் ஹாரியட் என்ற பெண்ணை மணந்தபோது அவருக்கு வயது 38.

ஆனால் அதே பதிப்பில் ஒரு கொடிய பகுதியும் இருந்தது. இயற்கை என்னும் விருந்தில், வழியற்றுப் பிறந்தவனுக்கு இலை போடப்படவில்லை. அவன் எழுந்து போகவேண்டியதுதான் என்ற பொருளில் எழுதியிருந்தார். படித்தவர்கள் கொதித்தார்கள். அடுத்த பதிப்பில் அந்தப் பகுதியை அவரே நீக்கிவிட்டார். ஆனாலும் உலகம் அதை மறக்கவில்லை.

இந்தியாவுக்கு வந்த மாணவர்கள்

1805-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கல்லூரியில் அவரைப் பேராசிரியராக நியமித்தது. அந்தக் கல்லூரி பின்பு ஹெய்லிபரி என்ற இடத்துக்கு மாறியது. சென்னை ராஜதானிக்கும், வங்காளத்துக்கும், பம்பாய்க்கும் அதிகாரிகளாக வரவேண்டிய ஆங்கிலேய வாலிபர்கள் அங்கே படித்தார்கள். சுமார் 29 ஆண்டுகள், சாகும்வரை, மால்தஸ் அங்கே பாடம் சொன்னார்.

1834-ல் இங்கிலாந்தில் ஏழைகள் சட்டம் திருத்தப்பட்டது. உதவி கேட்டு ஏழை விடுதிக்குள் போனால் புருஷன் ஒரு பக்கம், பெண்சாதி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தார்கள். மால்தஸின் கொள்கை அதற்குத் துணை நின்றது. அதே ஆண்டு டிசம்பர் மாதம் பாத் நகரத்தில் அவர் காலமானார்.

மனிதர் போனார். கணக்கு போகவில்லை.

1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. அப்போது இந்திய சர்க்கார் அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள். மால்தஸ் இறந்த பிறகு ஹெய்லிபரியில் படித்தவர். நிவாரண வேலையில் கல் உடைக்கும், மண் சுமக்கும் ஆணுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். சென்னை சுகாதார அதிகாரி கார்னிஷ் அதை எதிர்த்துப் போராடினார். மக்கள் செத்துக்கொண்டிருந்த அதே காலத்தில் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. பஞ்சம் இயற்கையின் தராசு என்று நம்பிய அதிகாரிகளுக்குக் கை நீள்வது கடினமாக இருந்தது. அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல்.

அவர் நினையாத வழிகள்

நல்ல விளைவுகளும் உண்டு. 1838-ல் சார்லஸ் டார்வின் மால்தஸின் நூலைப் படித்தார். உயிர்கள் எல்லாமே உணவுக்காகப் போராடுகின்றன என்ற எண்ணம் அவருக்குப் பளிச்சிட்டது. பரிணாமக் கொள்கைக்கு அது விதை ஆயிற்று.

1877-ல் லண்டனில் கருத்தடை பற்றிய சிறு நூலை வெளியிட்டதற்காக ஒரு பெண்மணி கோர்ட்டில் நின்றார். மேல் கோர்ட்டில் தண்டனையிலிருந்து தப்பினார். ஆனால் தம் பெண் குழந்தையை வளர்க்கும் உரிமையை இழந்தார். அவர்தான் பின்னாளில் சென்னை அடையாறில் வாழ்ந்த அன்னி பெசன்ட் அம்மையார். மால்தஸ் வெறுத்த வழியை, மால்தஸ் சொன்ன ஆபத்துக்கே மருந்தாக்கினார்கள் அவரும் அவர் கூட்டாளியும்.

மால்தஸ் தவறியது எங்கே? மனிதனின் மூளையைக் குறைவாக எடை போட்டார். செயற்கை உரம் வந்தது. 1960-களில் புதிய கோதுமை, நெல் விதைகள் வந்தன. விளைச்சல் பெருகியது. அவர் நூல் எழுதிய நாளில் உலக ஜனத்தொகை சுமார் 100 கோடி. 2022-ல் 800 கோடி. ஆனாலும் தலைக்குக் கிடைக்கும் உணவு அன்றைவிட அதிகம்.

இன்னொன்றையும் அவர் காணவில்லை. பெண்கள் படித்தால், பிறந்த குழந்தைகள் பிழைத்தால், பெற்றோர் தாமாகவே குறைவாகப் பெற்றுக்கொள்கிறார்கள். உலகிலேயே முதலில், 1952-ல், குடும்பக் கட்டுப்பாட்டைச் சர்க்கார் திட்டமாக ஏற்றது இந்தியா. 2019-21 கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு தாய்க்குச் சராசரி இரண்டு பிள்ளைகள்தான். அபராதமோ பஞ்சமோ செய்யாததைப் பள்ளிக்கூடம் செய்தது.

அதனால் மால்தஸை முழுவதும் தள்ளிவிடலாமா? கூடாது. பூமி ஒன்றுதான். விளைச்சலைப் பெருக்கிய நாம் நிலத்தடி நீரையும் உறிஞ்சிவிட்டோம். கிணறு நூறு அடியில் வற்றினால் இருநூறு அடி தோண்டுகிறோம். அதற்கும் ஓர் அடி உண்டு அல்லவா?

எல்லை உண்டு என்று அவர் சொன்னது சரி. எல்லைக்கு வெளியே நிற்பவன் ஏழைதான் என்று முடிவு கட்டியதுதான் பிழை. இருப்பதைப் பங்கிட்டு, இருப்பதைக் காத்தால், விருந்தில் எல்லாருக்கும் இலை போடலாம்.