கருவை 53 நாள் காக்க வைத்த டாக்டர்: யார் இந்த சுபாஷ் முகோபாத்யாய்?

பனவடலிசத்திரத்தில் பஸ் ஏறி சங்கரன்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ ஸ்கேன் எடுக்கப் போகும் தம்பதிகளுக்கு ஒரு எண் மனப்பாடமாகிவிடும். கர்ப்பப்பை உள்சுவரின் தடிமன்தான் அது. 7 எம்எம் வந்துடுச்சா, 8-ஐத் தொட்டாச்சா என்பதுதான் வீட்டில் முதல் கேள்வி. போதவில்லை என்றால், கருவை ஃப்ரீஸ் பண்ணி வைத்துவிட்டு அடுத்த சுழற்சி வரை காத்திருக்கச் சொல்வார்கள்.

இன்றைக்கு சர்வசாதாரணமான இந்தக் காத்திருப்பை 1978-லேயே கொல்கத்தாவில் செய்து காட்டியவர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். அதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு, ஒரு விசாரணைக் கமிட்டி.

1931 ஜனவரி 16-ல் ஹசாரிபாக்கில் பிறந்தவர். கொல்கத்தாவில் மருத்துவம் படித்தார். அங்கே ஒரு பிஎச்டி, 1967-ல் எடின்பரோவில் ஹார்மோன் ஆய்வில் இன்னொன்று. வெளிநாட்டிலேயே தங்கியிருக்கலாம். ஊர் திரும்பி அரசு மருத்துவக் கல்லூரியில் வாத்தியாரானார்.

1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் உலகின் முதல் டெஸ்ட் டியூப் பேபி லூயிஸ் பிரவுன் பிறந்தார். 70 நாள் கழித்து, அக்டோபர் 3-ல் கொல்கத்தாவில் துர்கா பிறந்தாள். இரண்டும் ஐவிஎஃப்தான். ஆனால் வழி வேறு. இங்கிலாந்து டாக்டர்கள் இயற்கையாக முதிர்ந்த ஒரே கருமுட்டையை எடுத்து, கருவாக்கி, அதே சுழற்சியில் உள்ளே வைத்தார்கள். முகோபாத்யாய் ஹார்மோன் ஊசி போட்டு ஒன்றுக்கு மேற்பட்ட முட்டைகளை வளர்த்தார். உருவான கருவை உடனே வைக்கவில்லை. 53 நாள் உறைநிலையில் வைத்திருந்து, பிறகு ஊசி போடாத ஓர் இயற்கையான சுழற்சியில் வைத்தார்.

ஏன் இந்தக் காத்திருப்பு? ஈஸ்ட்ரோஜன் உள்சுவரைத் தடிமனாக்கும். புரோஜெஸ்டிரோன் அதைக் கரு ஒட்டும் பதத்துக்குக் கொண்டுவரும். அந்தப் பதம் சில நாட்களே நீடிக்கும். முட்டைக்காகப் போடும் ஊசியால் ஹார்மோன் எகிறினால் பதம் முன்னே பின்னே போய்விடலாம். விதை நல்லாவே இருந்தாலும் ஈரம் பார்க்காமல் கரிசல்காட்டில் யாரும் விதைப்பதில்லையே. உள்சுவரை எம்எம் கணக்கில் அளந்து சொல்லும் இன்றைய ஸ்கேன் அன்று கிடையாது. 7 எம்எம்-க்குக் கீழே இருந்தால் வாய்ப்பு ஓரளவு குறையும் என்பது பிந்தைய ஆய்வுகள் சொன்னது. அதற்கும் கீழே இருந்து குழந்தை பெற்றவர்களும் உண்டு. பெண்ணின் வயதும் கருவின் தரமும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

இதையெல்லாம் விளக்க அவருக்கு வாய்ப்பே தரப்படவில்லை என்று சொல்ல முடியாது. 1978 நவம்பரில் மேற்கு வங்க அரசு அமைத்த கமிட்டி முன்னால் விளக்கினார். கமிட்டிக்குத் தலைமை ஒரு ரேடியோ இயற்பியல் பேராசிரியர்! ஆண்டிபட்டிக்குப் போக வேண்டிய பஸ்ஸை அம்பாசமுத்திரத்தில் நிறுத்திய கதைதான். கமிட்டி நம்பவில்லை. ஜப்பானில் வந்து பேச அழைப்பு வந்தபோது அரசு அனுமதி கொடுக்கவில்லை. துர்காவின் பெற்றோரும் ஊர்ப்பேச்சுக்குப் பயந்து வெளியே வரத் தயங்கினார்கள். கடைசியில் 1981 ஜூனில், ஹார்மோன் ஆராய்ச்சியாளரான அவரைக் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். அந்த மாதம் 19-ம் தேதி அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 50.

உறைந்த கருவிலிருந்து பிறந்த உலகின் முதல் குழந்தை என்று 1984-ல் ஆஸ்திரேலியக் குழந்தை ஒன்று பேர் வாங்கியது. 1986-ல் மும்பையில் பிறந்த ஹர்ஷா, இந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் பேபி என்று கொண்டாடப்பட்டது. அந்தச் சாதனைக்குப் பின்னால் இருந்த விஞ்ஞானி டி.சி.ஆனந்த் குமார் கைக்கு முகோபாத்யாயின் குறிப்புகள் பிற்பாடு வந்து சேர்ந்தன. பேசாமல் மூடி வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. படித்துப் பார்த்துவிட்டு, முதல் பெருமை தனக்கில்லை, முகோபாத்யாய்க்குத்தான் என்று 1997-ல் அறிவியல் இதழிலேயே எழுதினார்.

2003-ல், 25 வயதில், நான்தான் அந்த துர்கா என்று அந்தப் பெண்ணும் வெளியே வந்தார்.