காது கேளாத ஆசிரியரும் 13 செக்கன் பறப்பும்

பசறையில் தோட்டப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். முதுகில் கட்டிக்கொண்டு பறக்கும் ஜெட்பேக்கைக் காணொளியில் பார்த்தவர்கள், அதில் ஏன் பதுளை வரை போக முடியாது என்று கேட்பார்கள். விடை சொல்லக் கொன்ஸ்தாந்தின் சியோல்கோவ்ஸ்கியின் கதையை எடுப்பேன்.

1857இல் ரஷ்யக் கிராமமொன்றில் பிறந்தவர். பத்து வயதளவில் வந்த செங்காய்ச்சல் அவருடைய கேட்கும் திறனைப் பெருமளவு பறித்தது. பாடசாலைப் படிப்பு நின்றது. சில ஆண்டுகளில் தாயும் இறந்தார். 16 வயதில் மொஸ்கோ சென்று, பாணோடு நாளைக் கடத்தி, பொது நூலகத்தில் கணிதமும் பௌதிகவியலும் தானாகவே படித்தார். பிறகு கலூகா நகரில் ஆசிரியராக வாழ்ந்தார்.

1903இல் அவர் வெளியிட்ட ரொக்கெட் சமன்பாட்டில் பிள்ளைகளின் கேள்விக்கு விடை இருக்கிறது. வாயுவைக் கீழே வேகமாகத் தள்ளினால் ஆள் மேலே எழும்புவார். ஆனால் எரிபொருளையும் அவரே சுமக்க வேண்டும். அதை இரட்டித்தாலும் வேகம் இரட்டிக்காது. விழாமல் அந்தரத்தில் நிற்பதற்கே ஒவ்வொரு செக்கனும் எரிபொருள் தீர்கிறது. 1961இல் அமெரிக்காவில் ஹரல்ட் கிரகாம் ரொக்கெட் பெல்ட் அணிந்து, கயிற்றில் கட்டாமல் முதன்முதலாகப் பறந்தது 13 செக்கன் மட்டுமே.

சியோல்கோவ்ஸ்கி 1935இல் இறந்தார். அவர் பிறந்து 100 ஆண்டான 1957இல் ஸ்புட்னிக் விண்ணுக்குப் போனது.

மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய என் அக்காவின் மகள், 2009இல் ஷெல் வெடித்ததில் கேட்கும் திறனை இழந்தாள். அப்போது அவளுக்கும் பத்து வயது. இந்தக் கதையை நான் முதலில் எழுதிக் காட்டியது அவளுக்குத்தான். கேளாத பிள்ளைக்குப் படிப்பெதற்கு என்று சொல்வோர் இன்றும் உண்டு. அப்படியொரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் படிப்பை நிறுத்தாதீர்கள்; புத்தகத்தைக் கையில் கொடுங்கள்.