காணாமற்போனோரைத் தேடிய குருவானவர்

மட்டக்களப்பு வாவிக் கரையோரம் தமிழர் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து அமைந்திருப்பதை நீர் அறிவீர். அவ்விரு மக்களும் ஒருவரையொருவர் கண்டு அஞ்சிய காலமும் ஒன்று இருந்தது. அக்காலத்தில் நம்மோடு வாழ்ந்த யூஜின் ஜோன் ஹெபர்ட் அடிகளாரை இன்று நினைவுகூருவோம்.

1923இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஜெனிங்ஸ் என்னும் ஊரில் பிறந்தவர் அவர். இயேசு சபைத் துறவியாகி, 1948இல் இலங்கை வந்தார். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பணியாற்றினார். கூடைப்பந்தாட்டப் பயிற்சியாளராக மாணவர் மனத்தில் நிலையான இடம் பெற்றார். பின்னர் மட்டக்களப்பில் தொழில்நுட்ப நிறுவகமொன்றின் இயக்குநராகி, இளைஞர் கைத்தொழில் கற்று வாழ வழிசெய்தார்.

1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டமும் அவசரகால விதிகளும், குற்றம் சாட்டாமலே ஒருவரை நீண்டகாலம் தடுத்துவைக்க இடமளித்தன. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. கொண்டுசெல்லப்பட்ட மகன் எங்கே என்று கேட்ட தாய்மாருக்கு விடை கிடைக்கவில்லை. அவர்களுக்காகப் பேசவும், பிளவுபட்ட மக்களிடையே சமாதானம் தேடவும் மட்டக்களப்புச் சமாதானக் குழு முன்வந்தது. அடிகளாரும் அதில் ஓர் உறுப்பினர். அப்பணியின் ஆபத்தை அவர் அறியாதவரல்லர். பிரசைகள் குழுத் தலைவராயிருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூன் 6ஆம் நாள் மட்டக்களப்பில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த 100க்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டனர். சில நாட்களில் ஏறாவூரிலும் முஸ்லிம்களின் இரத்தம் சிந்தப்பட்டது. பழிவாங்கலில் தமிழரும் மாண்டனர். வீதிகள் வெறிச்சோடின. அந்த வேளையிலும் அடிகளார் அல்லற்பட்டோருக்கு உதவ வாழைச்சேனைக்குப் போனார்.

ஆகஸ்ட் 15, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாள். பேர்ட்ரம் பிரான்சிஸ் என்னும் தமிழ் இளைஞருடன் அவர் மட்டக்களப்புக்குத் திரும்பப் புறப்பட்டார். வழியில் ஏறாவூரைக் கடக்க வேண்டும். இருவரும் வந்துசேரவில்லை. காணாமற்போனோருக்காகப் பேசியவரின் பெயரும் அவர்களுடைய பெயர்ப் பட்டியலில் சேர்ந்தது. மெழுகுதிரி ஏற்ற அவருக்கொரு கல்லறையும் இல்லை.

வாசகரே, உமது ஊருக்கும் அயலூருக்கும் பிணக்கு மூளும்போது, உம்மவர் சொல்வதை மட்டும் நம்பி வீட்டில் இருந்துவிடுவீரா? அந்தப் பக்கத்து அயலவரின் வாசலுக்கும் ஒருமுறை போய்வருவீரா? இன்றிரவு குடும்பச் செபமாலையில் இவ்விருவரையும், இன்னும் மகனைத் தேடும் தாய்மாரையும் நினைத்துக்கொள்ளும். அத்தாய்மாரில் தமிழரும் உளர், முஸ்லிம்களும் உளர்.