சங்கிலியை ஒழித்த தேயிலை வியாபாரி

இங்கிலாந்தில் யார்க் நகரம். அங்கே தேயிலை, காப்பி வியாபாரம் செய்தவர் வில்லியம் டியூக். 1732-ல் பிறந்தவர்.

1790-ல் அவருடைய குவேக்கர் சபையைச் சேர்ந்த ஒரு விதவையை அவ்வூர்ப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்க்கப் போனவர்களை உள்ளே விடவில்லை. சில வாரங்களில் அவள் இறந்தாள். டியூக்கின் மனம் துடித்தது.

மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி, அடித்த காலம் அது. டியூக் பணம் திரட்டினார். 1796-ல் ‘ரிட்ரீட்’ இல்லம் திறக்கப்பட்டது.

ஜன்னல் சட்டங்கள் இரும்புதான். ஆனால் மரம் போலவே தோன்றும். சிறை என்ற எண்ணம் வரக் கூடாது அல்லவா? வெளியே வயல்வெளி. முற்றத்தில் முயல், கோழி, கடற்பறவைகள். அவற்றோடு பழகிய நோயாளிகளின் மனம் இளகியது. தோட்ட வேலையும் செய்தார்கள். சங்கிலி இல்லை, அடி இல்லை.

பேரன் சாமுவேல் 1813-ல் எழுதிய புத்தகத்தால் பிற நாடுகளும் இம்முறையைப் பின்பற்றின. 1822-ல், 90-வது வயதில் டியூக் காலமானார்.